நெய்க்குள் போட்ட முருங்கையிலை

எங்கள் வீட்டில் வெண்ணெய் காய்ச்சும் நாளில் பிள்ளைகள் யாரும் அடுப்படியை விட்டு நகர மாட்டோம். வெண்ணெய் உருகி, நுரைத்து, நுரை அடங்கி, சலசலப்பு ஓய்ந்து, அடியில் கசண்டு சிவக்கத் தொடங்கும்போது அம்மா ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவி உள்ளே போடுவார். அது படபடவென்று பொரிந்து மொறுமொறுப்பானதும் அடுப்பை அணைத்துவிடுவார். நெய்யை வடித்த பிறகு சட்டியில் தங்கும் இலையோடும் கசண்டோடும் சோற்றைப் போட்டுப் பிசைந்து உருட்டித் தருவார். அந்த உருண்டைக்காகத்தான் காத்திருப்போம். எதற்கு இலை என்று கேட்டால், "போட்டாத்தான் நெய் சிக்கு வாடை அடிக்காது" என்பார்.

அவர் சொன்னது சரி. 1979ஆம் ஆண்டிலேயே படேல், ராஜோர்ஹியா என்ற இரு பால் அறிவியலாளர்கள், நெய் காய்ச்சும்போது கறிவேப்பிலையோ வெற்றிலையோ சேர்த்தால் அது காறிப்போவது தள்ளிப்போகிறது என்று அளந்து எழுதினார்கள். கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதைத்தான் நாம் காறல் என்கிறோம். அது ஒரு சங்கிலி வினை. கெட்டுப்போன ஒரு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அது அடுத்ததைக் கெடுக்கும். இலையிலிருந்து நெய்யில் இறங்கும் பாலிஃபீனால்கள் நடுவே புகுந்து, தம்மிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகின்றன. இப்படி அறுக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டி-ஆக்சிடன்ட் என்று பெயர். தமிழில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம்.

நெய்யைப் பற்றிப் பேச எங்கள் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கார்த்திகை தீபத்தன்று மலையுச்சிக்குக் கொண்டுபோன செப்புக் கொப்பரையில் மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட நெய் ஊற்றி, காடாத் துணியைத் திரியாக்கி ஏற்றுகிறார்கள். பதினொரு நாள் எரிகிறது. அந்த மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடியற்காலையில் நடந்தால் இன்னொரு உலகம் தெரியும். நெல்லிக்காய்ச் சாறு, அருகம்புல் சாறு, முருங்கைக்கீரை சூப், மருதம்பட்டைத் தூள், பூண்டு ஊறிய தேன் என்று விற்கும் கடைகள். நடப்பவர்களில் பாதிப் பேர் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று ஏதோ ஒன்றுக்காக மருத்துவர் நடக்கச் சொல்லி வந்தவர்கள். 'ரத்தக்குழாய் அடைப்பு நீங்கும்' என்ற வாசகம் அந்தக் கடைகளில் சாதாரணமாகத் தொங்கும்.

சட்டியில் கொழுப்பைக் காறவிடாமல் காக்கும் இலை, கொழுப்பு மிகுந்த சாப்பாடு சாப்பிடுகிறவரின் ரத்தக்குழாயிலும் அதையே செய்யுமா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறார்கள். பதில் நாம் ஆசைப்பட்ட வடிவத்தில் வரவில்லை. ஆனாலும் பயனுள்ள பதில்தான் வந்திருக்கிறது.

கதை ஒரு முயலில் தொடங்குகிறது. 1913இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர், கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டினார். சில வாரங்களில் அவற்றின் மகாதமனியின் உட்சுவரில் மஞ்சள் திட்டுகள் படிந்தன. மனித உடலில் காணும் அடைப்பின் ஆரம்ப நிலையைப் போலவே அவை இருந்தன. எலிக்கும் நாய்க்கும் அதே தீனியைக் கொடுத்துப் பார்த்தபோது திட்டு வரவில்லை. முயல் பிறவியிலேயே புல் தின்னி. கொலஸ்ட்ராலே இல்லாத தீனிக்குப் பழகிய உடம்பு, திடீரென்று கொட்டும் கொலஸ்ட்ராலை வெளியேற்றத் தெரியாமல் தவிக்கும். அதனாலேயே சோதனைக்கு வசதியான பிராணியாகிவிட்டது. இந்த வசதிக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. நாம் முயல் இல்லை. நம் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் ஈரலே செய்கிறது. தட்டிலிருந்து வருவது குறைந்தால் ஈரல் கூடுதலாகச் செய்யும், கூடினால் குறைத்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் அளவு மாறினாலும் பொதுவான நடப்பு இதுதான். நம் ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றுவதில் சாப்பாட்டிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நெய், வெண்ணெய், பாமாயில், வனஸ்பதி வகையறாக்களின் நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பங்கு அதிகம்.

அனிச்கோவ் கண்ட திட்டு எப்படி உருவாகிறது என்ற புதிருக்கு 1980களில்தான் ஒரு விடை கிடைத்தது. கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும், கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகள் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் நுழைகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் சாதாரண எல்.டி.எல்லை அவ்வளவாக விழுங்குவதில்லை. ஆனால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால், அதாவது காறிப்போய்விட்டால், வேறொரு வாயில் வழியாக அளவில்லாமல் விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கிக் கொழுப்பால் உப்பி, நுரை பிடித்த செல்களாக அங்கேயே தங்கிவிடுகின்றன. அதுதான் மஞ்சள் திட்டு. கலிஃபோர்னியாவின் டேனியல் ஸ்டீன்பெர்க் குழுவினர் 1989இல் இதைத் தொகுத்து எழுதிய கட்டுரை மருத்துவ உலகையே திருப்பிப் போட்டது. கொலஸ்ட்ரால் அதிகமாக இருப்பது மட்டும் ஆபத்தில்லை, அது காறிப்போவதுதான் ஆபத்து என்றால், காறலைத் தடுத்தால் போதுமே! அம்மா சட்டியில் செய்ததையே ரத்தக்குழாயில் செய்யலாமே!

இதே சமயத்தில் இன்னொரு கதவும் திறந்தது. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டுகளில் சோதனை செய்தபோது, உட்பூச்சான என்டோதீலியம் தேய்ந்துபோன துண்டுகள் மட்டும் தளர மறுத்ததைக் கவனித்தார். அந்த மெல்லிய ஒற்றைச் செல் அடுக்கிலிருந்து ஏதோ ஒரு பொருள் கிளம்பித் தசையைத் தளர்த்துகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்தது. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராத் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்பு மிகுந்த ரத்தம் ஓடும்போது அந்த அடுக்கில் சூப்பராக்சைடு என்ற தீவிர மூலக்கூறு பெருகி, நைட்ரிக் ஆக்சைடைப் பிறந்த இடத்திலேயே அழித்துவிடுகிறது. குழாய் விரிய மறக்கிறது. அடைப்பு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிடும். ஆகவே செடியிலிருந்து வரும் பொருள்களுக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. எல்.டி.எல். காறாமல் பார்த்துக்கொள்வது ஒன்று, நைட்ரிக் ஆக்சைடைக் காப்பாற்றுவது மற்றொன்று.

நெய் தின்னும் நம்மவர்களைப் பற்றிய ஒரு சந்தேகமும் அப்போதுதான் கிளம்பியது. 1987இல் மார்க் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர், இந்திய நெய்யில் உள்ள கொலஸ்ட்ரால் காய்ச்சும்போதே கணிசமாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது, புது வெண்ணெயில் அப்படி இல்லை என்று லான்செட் இதழில் எழுதினார். வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்களுக்கு இதயநோய் ஏன் அதிகம் என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். ஊகம் ஊகமாகவே நின்றுவிட்டது. நெய் அதிகம் சேர்க்காத குடும்பங்களிலும் இந்தியர்களுக்கு மாரடைப்பு சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் கணக்குப்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவர்களுக்கு 58.8 வயதில். இந்த ஆறு ஆண்டு வித்தியாசத்தை நெய்யின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் ஜேக்கப்சன் தொட்ட விஷயத்தைத் தள்ளிவிடவும் முடியாது. ஆக்சிஜனேற்றம் அடைந்த கொலஸ்ட்ராலைத் தீனியில் கொடுத்தால் முயல்களின் மகாதமனியில் திட்டு வேகமாகப் படிவது பிறகு நிரூபணமானது.

இந்தியாவில் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் முயலோடும் எலியோடும் நடந்தன. அதில் நாம் பெருமைப்பட வேண்டிய தொடக்கம் ஒன்று உண்டு. 1960களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி, சுஸ்ருத சம்ஹிதை கொழுப்பு நோய்க்குக் குக்குலு என்ற மரப்பிசினைச் சொல்வதைப் படித்துவிட்டு, கொலஸ்ட்ரால் ஊட்டிய முயல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். கொழுப்பு இறங்கியது, திட்டும் குறைந்தது. பழைய ஏட்டில் இருப்பதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்து நேர்மையாகக் கேள்வி கேட்ட அந்த 1966ஆம் ஆண்டு ஆய்வேடு இன்றும் மரியாதைக்குரியது. அதன் வழியே லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குக்குலிபிட் 1980களின் பிற்பகுதியில் மருந்துக் கடைக்கே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் நெல்லிச் சாறு, மருதம்பட்டை, பூண்டு, மஞ்சள், வெந்தயம் என்று ஒவ்வொன்றாக முயல் கூண்டுக்குப் போயின. 1996இல் வந்த ஒரு ஆய்வில், கொலஸ்ட்ரால் ஊட்டிய முயல்களுக்கு 60 நாள் நெல்லிச் சாறு கொடுத்தபோது ரத்தக் கொழுப்பும் தமனித் திட்டும் வெகுவாகக் குறைந்தன. அன்று முதல் இன்று வரை முயலிடம் தோற்ற மூலிகை குறைவு.

முயல் எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதற்கு எங்கள் மாவட்டத்து மல்லாட்டையே சாட்சி. வெளியூரில் வேர்க்கடலை என்று சொல்வதை இங்கே மல்லாட்டை என்போம். தமிழ்நாட்டில் அது அதிகம் விளையும் மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. 1970களில் அமெரிக்காவின் டேவிட் கிரிட்செவ்ஸ்கி, கொலஸ்ட்ராலோடு மல்லாட்டை எண்ணெய் கொடுத்தால் முயலின் தமனியில் எதிர்பாராத அளவுக்குத் திட்டு படிகிறது என்று காட்டினார். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை வேதிமுறையில் இடம் மாற்றி அடுக்கினால் அந்தக் கெடுதல் குறைந்தது. விஷயம் அத்தனை நுட்பமானது. ஆனால் மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், மல்லாட்டையும் மற்றக் கொட்டைகளும் தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்திருக்கிறது. முயலை மட்டும் நம்பியிருந்தால் மல்லாட்டையைக் கைவிட்டிருப்போம், குக்குலுவைக் கொண்டாடியிருப்போம்.

குக்குலு மனிதனிடம் வந்தபோது நடந்தது இது. 2003இல் அமெரிக்காவில் கொழுப்பு கூடிய 103 பேரை மூன்று பிரிவாக்கி, எட்டு வாரம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. வெற்று மாத்திரைக்காரர்களின் எல்.டி.எல். 5 சதவீதம் இறங்கியது. குக்குலிபிட் சாப்பிட்டவர்களுக்கு 4, 5 சதவீதம் ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. இந்தியாவில் முன்பு நடந்த சோதனைகளில் குறைந்த கொழுப்பு அங்கே ஏன் ஏறியது என்று நிறைய வாதங்கள் நடந்தன. சாப்பாடு வேறு, உடல்வாகு வேறு என்றார்கள். இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் கண்கட்டிச் சோதிக்கும்போது ஒரு மருந்தின் பலன் மறைந்துபோனால், முதலில் அந்த மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மஞ்சளுக்கும் இதே அனுபவம்தான். திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் 1992இல் பத்துப் பேருக்கு ஏழு நாள் 500 மில்லிகிராம் குர்குமின் கொடுத்தபோது ரத்தத்தில் காறிய கொழுப்பு 33 சதவீதம் குறைந்தது, நல்ல கொழுப்பு 29 சதவீதம் கூடியது. பத்துப் பேர், ஏழு நாள். ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு இல்லை. முப்பது ஆண்டு கழித்து, 2022இல், அமெரிக்காவில் 190 பேரைப் பிரித்து ஒரு பிரிவுக்கு ரோசுவாஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை 5 மில்லிகிராம், மற்றப் பிரிவுகளுக்கு மஞ்சள், பூண்டு, லவங்கப்பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஒவ்வொன்றாகவும், கடைசிப் பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 28 நாளில் அந்தச் சிறிய ஸ்டாடின் மாத்திரை எல்.டி.எல்லை 37.9 சதவீதம் இறக்கியது. மற்ற எதுவும் வெற்று மாத்திரையைவிடக் கணக்கில் கொள்ளும்படி அதை இறக்கவில்லை. பூண்டைத் தனியாகவும் ஸ்டான்ஃபோர்டில் 2007இல் சோதித்திருந்தார்கள். 192 பேர், ஆறு மாதம், வாரத்தில் ஆறு நாள் ஒரு பல் அளவு பச்சைப் பூண்டு. எல்.டி.எல். அசையவில்லை.

மருதம்பட்டையின் கதை இவ்வளவு நேராக இல்லை, அதனாலேயே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திருவிடைமருதூருக்குப் பெயர் கொடுத்த மரம் இது. எங்கள் அண்ணாமலையார் கோயிலுக்கு மகிழம் தலமரம் என்றால் அங்கேயுள்ள மகாலிங்க சுவாமி கோயிலுக்கு மருதம். ஆற்றங்கரையில் வெளுத்த, வழுவழுப்பான தண்டோடு நிற்கும். பட்டை தானாகவே உரிந்து விழும். ஜெய்ப்பூரில் 2001இல் இதயநோயாளிகள் 105 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 500 மில்லிகிராம் மருதம்பட்டைத் தூள், இன்னொன்றுக்கு 400 அலகு வைட்டமின் ஈ, மூன்றாவதற்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 30 நாளில் மருதப் பிரிவில் எல்.டி.எல். சராசரியாக 15.8 சதவீதம் குறைந்தது, வைட்டமின் ஈ பிரிவில் குறையவில்லை. நல்ல முடிவுதான். ஆனால் ஆளுக்கு ஆள் ஏற்ற இறக்கம் மிக அதிகம், 30 நாள் என்பது ரத்தக்குழாய்க்கு ஒரு நாளே இல்லை. பிறகு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 100 பேரிடம் 12 வாரம் மருதப்பட்டைச் சாரத்தைச் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது. அதில் ரத்தத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகள் கூடின, சிலருக்கு நடக்கும் திறன் தேறியது. இதயம் ரத்தத்தை இறைக்கும் அளவு மட்டும் கூடவில்லை. இந்த ஒரு முடிவை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். ஆன்டி-ஆக்சிடன்ட் அளவுகோல் ஏறுகிறது, நாம் தேடிப் போன பலன் ஏறவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

உலகம் முழுக்க இதே காட்சியைப் பெரிய திரையில் பார்த்தார்கள். எல்.டி.எல். காறுவதுதான் வேர் என்றால், கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈ சரியான மருந்தாக இருக்க வேண்டும். 1996இல் கேம்பிரிட்ஜில் 2,002 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் உயிர்போகாத மாரடைப்புகள் வெகுவாகக் குறைந்ததும் எல்லோரும் துள்ளினார்கள். 2000இல் வெளியான ஹோப் ஆய்வு 9,541 பேரிடம் நாலரை ஆண்டு வைட்டமின் ஈயைச் சோதித்தது. பலன் இல்லை. 2002இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 20,536 பேரிடம் ஐந்து ஆண்டு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துச் சோதித்தார்கள். பலன் இல்லை. அதற்கும் முன்பே ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. 2001இல் 160 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தந்தது. சிம்வாஸ்டாடின், நயாசின் மாத்திரைகளோடு ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுத்தபோது, மருந்தால் கிடைத்துக்கொண்டிருந்த நன்மையே மங்கியது.

ஏன் இப்படி? சட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தால் புரியும். சட்டியில் இலையும் நெய்யும் நேருக்கு நேர் சேர்கின்றன, இலை கொடுப்பது முழுக்க நெய்யில் இறங்குகிறது. நாம் தின்னும் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. தாண்டியதையும் ஈரல் உருமாற்றி, சில மணி நேரத்தில் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ரத்தத்தில் மிஞ்சுவது, அங்கே ஏற்கெனவே இருக்கும் யூரிக் அமிலம், வைட்டமின் சி போன்றவற்றோடு ஒப்பிட்டால் துளி. ஆப்பிள் தின்றதும் ரத்தத்தின் ஆன்டி-ஆக்சிடன்ட் திறன் ஏறுவது, பழத்தின் ஃபிளேவனாய்டுகளால் அல்ல, பழச் சர்க்கரை உடலில் யூரிக் அமிலத்தைக் கூட்டுவதால்தான் என்று லோட்டிட்டோ, ஃப்ரை என்ற இருவர் காட்டினார்கள். அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டி-ஆக்சிடன்ட் திறனைப் பட்டியலிட்டு வைத்திருந்த ஓராக் தரவுத்தளத்தை 2012இல் நீக்கியே விட்டது. அந்த எண்ணை வைத்து விளம்பரம் செய்வது பெருகியதும், உடலுக்குள் அந்த எண்ணுக்கு நிரூபணம் இல்லாததும்தான் காரணம். மஞ்சளிலும் இதே சிக்கல். குர்குமின் ரத்தத்தில் ஏறவே ஏறாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது அது 20 மடங்கு ஏறியது. நம் குழம்பில் மஞ்சளோடு மிளகு சேர்வது நல்ல பொருத்தம். அதே பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதிகளையும் தடுக்கும். ஆகவே மஞ்சள்-மிளகுச் சாரக் குப்பிகளை ஸ்டாடினோடு சேர்த்து விழுங்குகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் கீரையும் நெல்லியும் வீணா? இல்லவே இல்லை. நன்மை உண்டு. அது நாம் நினைத்த வாசல் வழியாக வரவில்லை, அவ்வளவுதான். முளைக்கீரை, பாலக்கீரை, பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய இருக்கிறது. வாயிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடலுக்குள் போய் அது நைட்ரிக் ஆக்சைடாகிறது. ஃபர்ச்காட் கண்டுபிடித்த அதே மூலக்கூறு, வேறு பாதையில். 2008இல் லண்டனில் நலமாக இருந்தவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தபோது மேல் ரத்த அழுத்தம் சில மணி நேரத்தில் 10 புள்ளி அளவுக்கு இறங்கியது. அடுத்தது நார். வெந்தயம், வெண்டைக்காய், கொள்ளு, ஜவ்வாது மலையில் விளையும் சாமை ஆகியவற்றில் இருக்கும் நார் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொள்கிறது. இழந்த பித்தத்தை மறுபடி செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் 2003இல் வழவழப்பான நார், தாவர ஸ்டீரால், சோயா, பாதாம் ஆகியவற்றைச் சேர்த்து அமைத்த உணவுமுறை 46 பேரிடம் எல்.டி.எல்லை 28.6 சதவீதம் இறக்கியது. அதே ஆய்வில் லோவாஸ்டாடின் இறக்கியது 30.9 சதவீதம். செடியின் பலம் மாத்திரையைத் தொடுமளவுக்கு வந்த இடம் அது. அதில் ஆன்டி-ஆக்சிடன்டை யாரும் எண்ணவே இல்லை.

ஃபிளேவனாய்டுகளுக்கும் கதவு முழுக்க மூடவில்லை. 21,442 முதியவர்களிடம் நடந்து 2022இல் வெளியான காஸ்மாஸ் ஆய்வில், கோகோ ஃபிளேவனால் மொத்த இதயநோய் நிகழ்வுகளைத் திட்டவட்டமாகக் குறைக்கவில்லை. ஆனால் இதயநோய் மரணங்கள் 27 சதவீதம் குறைவாக இருந்தன. அது காறலை அறுப்பதால் வந்திருக்க வாய்ப்பு குறைவு. என்டோதீலியத்தைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைப்பதாலாக இருக்கலாம் என்கிறார்கள். நம் நாட்டில் இப்படிப்பட்ட ஆய்வு நல்லெண்ணெய்க்கு நடக்க வேண்டும். எள்ளிலுள்ள செசமாலும் உறவுப் பொருள்களும் இருப்பதால்தான் நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போலச் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 2006இல், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்த அழுத்த நோயாளிகள் 50 பேருக்கு 45 நாள் நல்லெண்ணெய் மட்டுமே சமையலுக்குக் கொடுத்தார்கள். அழுத்தம் இறங்கியது, எண்ணெயை மாற்றியதும் ஏறியது. ஒப்பிட மறுகுழு இல்லாத சிறிய ஆய்வு. ஆனால் நம் அடுப்படியிலிருந்தே எழுந்த கேள்வி.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முயலுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டும் ஆய்வுகள் எல்லாம் அதிகக் கொழுப்பு என்ற ஒரே எதிரியை வைத்துக்கொண்டு பேசுகின்றன. தமிழ்நாட்டையும் சேர்த்து எடுத்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு 2014இல் சொன்னது வேறு. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3 சதவீதம். இது நெய்யும் முட்டையும் தின்றதால் மட்டும் வந்த படம் இல்லை. மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி, சர்க்கரை, நடை குறைந்த வாழ்க்கை எல்லாம் சேர்ந்து வரைந்தது. இந்த உடம்புக்கு ஒரு டம்ளர் நெல்லிச் சாறு செய்வதைவிட, ஒரு வேளை அரிசியைக் குறைத்துச் சுண்டலும் கீரையும் வைப்பதும், அந்த 14 கிலோமீட்டரை மாதம் ஒரு பௌர்ணமிக்கு மட்டும் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் நடப்பதும் அதிகம் செய்யும்.

காறிய கொழுப்பு நிஜமாகவே உள்ளே போகும் இடம் ஒன்று உண்டு, அதைத் தடுக்க ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை தேவையில்லை. பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையோரம் பஜ்ஜி, வடை பொரியும் சட்டிகளைக் கவனியுங்கள். மாலையில் பொன்னிறமாக இருந்த எண்ணெய், நள்ளிரவில் கறுத்துக் கெட்டியாகி, பொரிக்கும்போது நுரை அடங்காமல் நிற்கும். மூக்கில் ஏறும் அந்தக் காரமான புகை, கொழுப்பு உடைந்துபோனதன் அடையாளம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல், பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்திருக்கிறது. லட்சக்கணக்கானவர்கள் வந்துபோகும் ஒரே இரவில் ஒவ்வொரு சட்டியையும் அளக்க முடியாதுதான். ஆனால் அந்த நுரையைக் கண்ணால் பார்த்து விலக நமக்குக் கருவி வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். முதல் மாரடைப்பில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒன்றரை வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார். பிறகு மருதம்பட்டைக் கஷாயமும் நெல்லிச் சாறும் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினார். நிறுத்தியதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. எட்டாம் மாதம் மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிழைத்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது, "இயற்கையா இருக்கேன்னு நம்பிட்டேன் சார்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட நாளில்தான் இந்தக் கட்டுரைக்கான வாசிப்பைத் தொடங்கினேன். ஸ்டாடின் எல்.டி.எல்லை ஏறக்குறைய 39 புள்ளி இறக்கினால் பெரிய மாரடைப்பு, பக்கவாத நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நிரூபணமான கணக்கு. மருதத்துக்கு அப்படி ஒரு கணக்கு வரும்வரை, அதை மாத்திரைக்குப் பதிலாக யாரும் கொடுக்கக் கூடாது. கூடவே சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கீரையே கணக்கில் வரும். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தை எதிர்க்கும், ஆகவே திடீரென்று கூட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அவர் மறுபடி நடக்கிறார். காலை ஐந்தே முக்காலுக்குக் கையில் தடியோடு எங்கள் தெருமுனைக்கு வருவார். நடந்து முடித்ததும் பாதையோரக் கடையில் உப்புப் போட்ட நெல்லிச் சாறு ஒரு டம்ளர். போன வாரம் என்னையும் நிற்க வைத்து ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது, பிறகு குடித்த தண்ணீர் இனித்தது. "மாத்திரைய ராத்திரியே போட்டுட்டேன் சார்," என்றார் நான் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்துக் காட்டி.